பூங்கோதை சொன்ன பதில்

பூங்கோதைக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. பன்னிரண்டு வயதில் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்தவள். ஜங்புராவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைத்து, மேம்சாப்களின் வாயிலிருந்தே பிடித்துக்கொண்ட இந்தி அது. ரேஷன் கடையில் நியாயம் கேட்க வேண்டுமா, தண்ணீர் லாரிக்காரனோடு மல்லுக்கு நிற்க வேண்டுமா, தமிழர்கள் குடிசை போட்டிருக்கும் மதராசி கேம்பில் அவளைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். அவள் புருஷன் காத்தவராயன் அதற்கு நேர் எதிர். கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவனுக்குத் தில்லி. இருபது வருஷம் ஆகியும் வேலைக்கு வேண்டிய பத்துப் பதினைந்து வார்த்தைக்கு மேல் நாக்கு வளையவில்லை. யாராவது இந்தியில் பேசினால் பாதி புரியும். பதிலுக்குப் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பான்.

ஆகவே ஆசுபத்திரியில் டாக்டர் கேட்பது அவனை, பதில் சொல்வது இவள் என்று ஆகிவிட்டது. மாதம் ஒருமுறை டாக்டருக்கு முன்னால் இரண்டு நிமிஷம். அதற்கு விடிகாலையில் போய் வரிசை பிடிக்க வேண்டும்.

காத்தவராயனுக்குச் சின்ன வயதில் முட்டி முட்டியாக வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். ஊரில் பச்சிலை வைத்துக் கட்டினார்கள், வீக்கம் வடிந்தது, மறந்துபோனார்கள். அந்தக் காய்ச்சல் இதயத்து வால்வைத் தின்றுவிட்டது என்பது நாற்பது வயதில் மூச்சு முட்டி நடுத்தெருவில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பூங்கோதை வேலை செய்யும் வீட்டு மேம்சாப் எழுதிக்கொடுத்த ஒரு கடுதாசியைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் அலைந்த பிறகு, ஆசுபத்திரியில் இலவசமாக உலோக வால்வு வைத்தார்கள். வால்வு ஓட வேண்டுமென்றால் ரத்தம் உறையக் கூடாது. அதற்கு ஆயுசுக்கும் ஒரு மாத்திரை. மாத்திரை குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், கூடினால் ரத்தம் நிற்காமல் ஓடும். இரண்டுக்கும் நடுவில் ஆளை நிறுத்த மாதாமாதம் ரத்தம் எடுத்து, அது நீர்க்க நீர்க்க ஏறுகிற ஓர் எண்ணைச் சொல்வார்கள். அந்த எண் இரண்டரைக்கு மேலேயும் மூன்றரைக்குக் கீழேயும் இருக்க வேண்டும். எண்ணைப் பார்த்து, தினமும் எத்தனை மில்லிகிராம் என்று மஞ்சள் அட்டைப் புத்தகத்தில் டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

முதல் வருஷம் அவன் வீட்டில்தான் இருந்தான். நாலு மில்லிகிராம் மாத்திரையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்புறம்தான் பழைய காண்டிராக்டரிடம் வேலைக்குத் திரும்பினான். நாலா அள்ளுகிற வேலை. நாலா என்றால் ஊர்ச் சாக்கடையெல்லாம் சேர்ந்து ஓடும் பெரிய கால்வாய். இடுப்பளவு கருப்புச் சேற்றில் இறங்கி மண்வெட்டியால் தூர் வாரிக் கரையில் கொட்ட வேண்டும். சேற்றுக்குள் உடைந்த பாட்டில், சவரப் பிளேடு, துருப்பிடித்த தகரம், இல்லாத சாமான் இல்லை. கையுறை கேட்டால் காண்டிராக்டர் சிரிப்பான்.

மூன்றாம் நாளே பாட்டில் துண்டு பாதத்தில் ஏறிற்று. மற்றவர்களுக்கு ஒரு துணியைச் சுற்றினால் நின்றுவிடும் காயம். இவனுக்குக் காலையில் ஆரம்பித்த ரத்தம் மூன்று மணிக்கும் கசிந்துகொண்டே இருந்தது. பனியனைக் கிழித்துக் கட்டினான், அதுவும் நனைந்தது. இன்னொரு தடவை இப்படி என்றால் வரவே வேண்டாம் என்று காண்டிராக்டர் கையை வீசிக் காட்டினான். அதைப் புரிந்துகொள்ள இந்தி வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. தட்டில் சோற்றை அளைந்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"மாத்தரைய முழுங்கிட்டு நாலாவுல எறங்கனா நானு வூடு வந்து சேர மாட்டன் பூங்கோத."

"அப்ப வேலைய வுட்டுடு."

"வுட்டுட்டு? நீ போற வூட்ல வந்து பாத்தரம் வெளக்கட்டுமா?"

"மாத்தர போடலன்னா வால்வு நின்னுபுடும்னு சொன்னாங்களே, காதுல வாங்கல நீயி?"

"போடலன்னு யாரு சொன்னது? சனிக்கெழம போட்டுக்கறன், ஞாயித்துக்கெழம போட்டுக்கறன். நடுவுல புதன் ராத்திரி ஒரு நாளு. ஒடம்புல கொஞ்சம் இருந்துக்கிட்டே இருக்கும்ல. சேத்துல எறங்கற மத்த நாளு வேணாம். அவ்ளோதான்."

அவள் இரண்டு நாள் சண்டை போட்டாள். ஒரு வேளை சோறு போடாமல்கூட இருந்து பார்த்தாள். அவன் இறங்கி வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று, அவன் மூச்சு வாங்காமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் வந்தான். அவளுக்கும் பயம் விட்டுப்போயிற்று. தினசரி வேலைக்குப் போகிற வீடுகளில் ஆளுக்கொரு நோய், ஆளுக்கொரு டப்பா மாத்திரை. மறந்தேன், விட்டேன் என்று சொல்லாத மேம்சாப் யார்? எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்.

அந்த மாதம் ஆசுபத்திரியில் அவர்களுக்கு முன்னால் ஒரு பீகார்க் கிழவர். அவரும் வால்வுக்காரர்தான். ஊருக்குப் போனேன், பத்து நாள் மாத்திரை கிடைக்கவில்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டார். டாக்டர் புத்தகத்தை மேஜையில் வீசினார். வால்வு என்ன மரத்திலா காய்க்கிறது, உனக்குக் கொடுத்ததை வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம், இன்னொரு முறை இப்படி வந்தால் பெயரை அடித்துவிடுவேன் என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கிழவர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். பூங்கோதை மஞ்சள் புத்தகத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். எட்டு மாதம் நடையாய் நடந்து வாங்கிய வால்வு. பெயரை அடித்துவிட்டால் எங்கே போவது?

அவர்கள் முறை வந்தது. டாக்டர் எண்ணைப் பார்த்தார். ஒன்று புள்ளி நாலு. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ரோஜ் காதா ஹை?" என்று கேட்டார். தினமும் சாப்பிடுகிறானா என்று.

காத்தவராயனுக்கு அது புரிந்துவிட்டது. "சொல்லிடு பூங்கோத. மூணு நாளுதான் போடறன்னு சொல்லிடு. அவரு பாத்து எதுனா பண்ணட்டும்" என்றான்.

"சும்மா இருய்யா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "ரோஜ் சாப். என் கையால் கொடுக்கிறேன்" என்றாள் இந்தியில்.

"கீரை அதிகம் தின்கிறானா? அது மாத்திரையை முறிக்கும். வேறு ஏதாவது மருந்து?"

"இல்லை சாப்."

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். சில உடம்புக்கு அதிகமாக வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, நாலை அடித்து ஐந்து என்று எழுதினார். திட்டவில்லை. வெளியே வந்ததும் பூங்கோதை ஒரு டம்ளர் டீ வாங்கினாள், ஆளுக்குப் பாதி குடித்தார்கள். தப்பித்தோம் என்று இருந்தது அவளுக்கு.

அவளை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. அவள் கணக்கே வேறு. ஊசி குத்தி ரத்தத்தையே எடுத்துப் பார்க்கிறவனுக்குத் தெரியாதது நான் சொல்லியா தெரியப்போகிறது? டாக்டர் மருந்தை எழுதுவது ரத்தத்தைப் பார்த்து. கேள்வி கேட்பது திட்டுவதற்கு. வீட்டில் மேம்சாப் உடைந்த கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே யார் உடைத்தது என்று கேட்பாளே, அந்த மாதிரி. அப்படிப்பட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லி எந்த வேலைக்காரி நல்ல பேர் வாங்கியிருக்கிறாள்?

மாதங்கள் போயின. குளிரில் நாலாத் தண்ணீர் எலும்பைக் கடிக்கும், அப்போதும் இறங்கினான். வெயிலில் நாற்றம் குடலைப் பிடுங்கும், அப்போதும் இறங்கினான். ஆசுபத்திரியில் டாக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கேள்வி மட்டும் மாறவில்லை. அவள் பதிலும் மாறவில்லை. எண் ஒன்றரையைத் தாண்டவில்லை. புத்தகத்தில் ஐந்து ஆறாயிற்று, ஆறு ஏழாயிற்று, பங்குனியில் எட்டாயிற்று. அவன் அதையும் சனி, ஞாயிறு, புதன் என்றே விழுங்கினான். முதல் மாதத்துக்கு அப்புறம் அவன் சொல்லிடு என்று சொல்வதை விட்டுவிட்டான். பெண்டாட்டி இந்தியில் ஏதோ சொல்கிறாள், டாக்டர் தலையாட்டுகிறார், நமக்கென்ன என்று சுவரில் ஒட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஆடி மாதம் நல்ல காலம் பிறந்தது. மேம்சாப்பின் தம்பி வீட்டில் காவல்காரன் ஊருக்குப் போய்விட்டான். பூங்கோதை ஒரு வாரம் மேம்சாப்பின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அந்த வேலையைப் புருஷனுக்கு வாங்கினாள். நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டைத் திறந்து மூடுகிற வேலை. சேறு இல்லை, பாட்டில் துண்டு இல்லை. நீலச் சட்டை கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு வந்து நின்றான். கேம்பே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

"போலீசுக்காரன் மாதிரி கீறாரு உன் வூட்டுக்காரரு" என்று பக்கத்து வீட்டு இந்திராணி கேலி செய்தாள்.

"இனிமே ஒரு நாளு வுடக் கூடாது" என்றாள் பூங்கோதை அவனிடம். "புத்தவத்துல எழுதனபடி தெனமும். காயம் கீயம் ஒண்ணும் இல்ல இப்ப. என்னா?"

"சரி சரி. குடு."

அன்றைக்கு அவளே எட்டு மில்லிகிராமுக்கு மாத்திரைகளைப் பிரித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். மறுநாளும் வைத்தாள். அதற்கும் மறுநாள். இத்தனை மாதம் சொன்ன பொய் உண்மையாகிவிட்டதில் அவளுக்கு ஒரு நிம்மதி. இனி அந்தக் கேள்வி வந்தால் நெஞ்சு படபடக்காமல் பதில் சொல்லலாம்.

ஆறாம் நாள் பல் விளக்கும்போது துப்பியது சிவப்பாக இருந்தது. பிரஷ் முரடு என்றாள். எட்டாம் நாள் தொடையில் நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு. நாற்காலியில் இடித்திருக்கும் என்றான் அவன். மழை வந்தும் புழுக்கம் போகாத நாட்கள். சூடு ஏறியிருக்கிறது என்று இந்திராணி சொன்னதைக் கேட்டு வெந்தயத்தை ஊறவைத்து மோரில் கொடுத்தாள். மாத்திரையையும் விடாமல் கொடுத்தாள். பன்னிரண்டாம் நாள் காலை கக்கூசிலிருந்து திரும்பியவன் வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கருப்பா போவுது பூங்கோத. தாரு மாதிரி" என்றான். சொல்லும்போதே மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு இறங்கியது. துடைத்தாள், வந்தது. அண்ணாந்து படுக்க வைத்தாள், தொண்டைக்குள் போய் இருமினான். நீலச் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. கேம்புக்குள் முழங்கால் அளவு மழைத் தண்ணீர். இந்திராணியும் அவளும் ஆளுக்கொரு தோளாகத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்து ஆட்டோ பிடித்தார்கள்.

அவசரப் பிரிவில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். காத்தவராயன் கால்மாட்டில் வேறொருவன் தலை. முப்பது வயதுகூட ஆகாத, கண்ணாடி போட்ட டாக்டர் ஒருவர் வந்தார். மூக்கில் பஞ்சைத் திணித்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு சீட்டோடு ஓடி வந்து மஞ்சள் புத்தகத்தைப் புரட்டினார்.

"பதினொன்று" என்றார் இந்தியில். "எட்டு மில்லிகிராம். தினமும் சாப்பிடுகிறாரா?"

"ரோஜ் சாப். எழுதினபடியே." அன்றைக்குத்தான் அந்தப் பதில் உண்மை. அவள் குரலில் தெம்பு இருந்தது.

"எப்போதிலிருந்து?"

"ஆரம்பத்திலிருந்தே."

டாக்டருக்குக் குழப்பம். பக்கங்களை முன்னும் பின்னும் தள்ளினார். "இத்தனை மாதமாக ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை. ஒரே மாதத்தில் எப்படிப் பதினொன்றாகும்? வேறு என்ன கொடுத்தாய்? நாட்டு மருந்தா? குடிப்பானா? ஈரல் கெட்டால்தான் இப்படி ஏறும்." பக்கத்தில் நின்ற நர்சிடம் ஈரலுக்கு டெஸ்ட், வயிற்றுக்கு ஸ்கேன் என்று அடுக்கினார். அப்புறம் வந்த இன்னொரு டாக்டரிடம் சொன்னது பூங்கோதையின் காதில் தெளிவாக விழுந்தது. "இப்போது பிளாஸ்மா ஏற்றி ரத்தத்தை நிறுத்துவோம். ஆனால் உலோக வால்வு. ரொம்ப நாள் மருந்தில்லாமல் விட முடியாது. இந்த உடம்புக்கு எட்டு வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. ரத்தம் நின்றதும் எட்டிலேயே ஆரம்பித்துவிடலாம்."

புத்தகம் சொல்கிறது. புத்தகத்தில் இருப்பது யார் சொன்னது? பூங்கோதை கட்டிலைச் சுற்றி டாக்டர் பக்கம் வந்தாள். இவர் ரத்தத்தைப் பார்த்து மட்டும் எழுதவில்லை. யாருமே அப்படி எழுதவில்லை. என் வாயைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். என் வாயிலிருந்து வந்த எட்டு அது. அந்த எட்டைத்தான் பன்னிரண்டு நாளாக என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன். இப்போது மறுபடியும் எழுதப்போகிறார்.

"எழுதாதீர்கள் சாப்" என்றாள். அவர் கையிலிருந்த பேனாவையே பிடித்துவிட்டாள். "அவர் தினமும் சாப்பிடவில்லை. நான் பொய் சொன்னேன். வாரத்தில் மூன்று நாள்தான். இந்தப் பன்னிரண்டு நாள் மட்டும்தான் தினமும்."

டாக்டர் அவளைப் பார்த்தார். "எத்தனை மாதமாக?"

"பதினோரு மாதம்."

"ஒன்பது டாக்டர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் இதில்." அவர் குரல் உயர்ந்தது. மற்ற கட்டில்காரர்கள் திரும்பினார்கள். "ஒன்பது பேரிடமும் பொய். ஏன்?"

"ரத்தத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தேன் சாப்."

"ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்றுதான் ரத்தம் சொல்லும். எத்தனை மாத்திரையில் நீர்த்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதை நீதானே சொல்ல வேண்டும்? நீ கொன்றுவிட்டிருப்பாய் இவரை. புரிகிறதா?"

அவள் கையைக் கூப்பினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கட்டிலில் கிடந்த காத்தவராயன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் கத்துகிறார், பூங்கோதை கும்பிடுகிறாள், அழுகிறாள். யாருக்கும் தலைகுனியாதவள். அவன் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான். மூக்கில் பஞ்சு, உதட்டில் காய்ந்த ரத்தம்.

"ஜூட் போல்தா சாப்" என்றான் தெரிந்த வார்த்தைகளைப் பொறுக்கி. இவள் சொல்வது பொய். "மே ரோஜ் காயா. ரோஜ், ரோஜ் காயா." தினமும் சாப்பிட்டேன்.

டாக்டரின் பேனா நின்றது. அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இரண்டு பேரில் நான் யாரை நம்பட்டும்?" என்றார். இப்போது அவர் கத்தவில்லை, அதுதான் பூங்கோதைக்குப் பயமாக இருந்தது.

"ஏன்யா இப்படிச் சொன்ன?" என்று அவன் பக்கம் குனிந்தாள். "உண்மைய சொன்னாத்தான் நீ பொழைப்ப. ஏன்யா?"

"உன்ன திட்டறான் அவன். போலீசுல குடுத்துடுவானாட்டம் இருந்துது. நீ தெனமும்னு தான சொல்லியிருப்ப எப்பவும்? அதையே சொன்னா வுட்டுடுவான்னு."

"என்ன சொல்கிறார்?" என்றார் டாக்டர்.

ஒரு நொடி, எதையாவது சொல்லி மூடிவிடலாமா என்று வழக்கம்போல் மனம் ஓடியது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். "என்னை நீங்கள் போலீசில் கொடுத்துவிடுவீர்கள் என்று பயந்து அப்படிச் சொன்னாராம் சாப்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போலீஸ் இல்லை, யாரும் இல்லை என்று சொல். வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிட்டார், அது ஒன்றுதான் வேண்டும். உன்னைக் கேட்கவில்லை. அவரைக் கேள்."

அவள் கேட்டாள். காத்தவராயன் அவள் முகத்தையே பார்த்தான். "என்னா சொல்லணும் பூங்கோத? நீயே சொல்லு, அதையே சொல்லிடறன்."

"நடந்தத சொல்லுய்யா" என்றாள். "உன்ன கும்புட்டுக் கேக்கறன். நடந்தத மட்டும் சொல்லு."

அவன் கண்ணைக் கூரையில் சுற்றும் மின்விசிறிக்குத் திருப்பிக்கொண்டான்.

"சனி, ஞாயிறு போட்டன். புதன் போட்டன்னு உங்கிட்ட சொன்னது சும்மா. வியாழக்கெழம வேல இருக்குமே, பயம். நீ சண்ட போடுவன்னு மாத்தரைய கக்கூசுல வீசிட்டு வந்துடுவன்."

இத்தனை நாள் டாக்டர்களிடம் மறைத்து வைத்திருந்ததாக அவள் நினைத்த உண்மையே முழு உண்மை இல்லை. அவனுக்கு அவள் டாக்டர், அவள் கேட்டதும் திட்டுவதற்கான கேள்வி. பூங்கோதை கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மூன்று நாள் இல்லை சாப்" என்றாள். "இரண்டு."

டாக்டர் எழுதியிருந்த மூன்றை அடித்து இரண்டு என்று எழுதினார். அப்புறம் அதற்கு முந்தைய பக்கங்களில் இருந்த எட்டு, ஏழு, ஆறு, ஐந்து எல்லாவற்றின் மேலும் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனார்.

"இந்த உடம்புக்கு இப்போது எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை" என்றார். "இதில் இருக்கும் எந்த எண்ணையும் நம்ப முடியாது. ரத்தம் நிற்கும்வரை மாத்திரை கிடையாது. மூன்று நாள், நாலு நாள். அதற்குள் வால்வு அடைத்துக்கொள்ளலாம், அடைக்காமலும் இருக்கலாம். அடைக்காமல் இருந்தால் முதலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிப்போம். ஏற்றுகிற பிளாஸ்மாவுக்கு ஈடாக ரத்தம் கொடுக்க ஆட்களை வரச் சொல்." பதிலுக்கு நிற்காமல் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இந்திராணி கேம்பு ஆட்களைக் கூப்பிட வெளியே ஓடினாள். நர்ஸ் மஞ்சள் திரவம் நிறைந்த பையைக் கம்பியில் மாட்டினாள். காத்தவராயன் ஊசி ஏறாத கையால் பூங்கோதையின் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"என்னா சொல்லிட்டுப் போறாரு?"

ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்கிறார். அந்த வாக்கியம் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவன் அதைக் கேட்கத்தான் காத்துக்கொண்டிருந்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில், கிடைத்த நாலு விரல்கடை இடத்தில் உட்கார்ந்தாள்.

"மூணு நாலு நாளு தாண்டணுமாம்யா" என்றாள். "தாண்டுவியான்னு அவருக்கும் தெரியலியாம்."